ஏரியும் ஊராரும்

தெருவிளக்கின் ஒளியில் ஒருவர் நடந்து சென்றால், பின்வருவார்க்கு அவ்வொளி குறைவதில்லை. ஏரி நீர் அத்தகையது அன்று. தலைமடை உழவர் அளவு மீறிப் பாய்ச்சினால் கடைமடைப் பயிர் வாடும். விளக்கும் பொது, ஏரியும் பொது. ஆயினும், எடுக்க எடுக்கக் குறையும் பொதுவளத்திற்கு வரம்பும் காவலும் வேண்டும்.

பொதுவளம் அழிந்தே தீரும் என்பார் உளர். அமெரிக்க அறிஞர் காரெட் ஹார்டின் 1968-ஆம் ஆண்டில் மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்காட்டி இதனை விளக்கினார். கூடுதலாக ஒரு மாட்டை விடுபவனுக்கு அதன் ஊதியம் முழுவதும் உரியது. புல் குறைவதால் வரும் இழப்போ ஊரார் அனைவர்க்கும் பகிர்ந்துவிடுகிறது. ஆதலின் ஒவ்வொருவனும் மேலும் மேலும் மாடுகளை விடுவான். முடிவில் நிலம் பாழாகும் என்றார் அவர்.

இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. காப்பார் இல்லாத பொதுவே அழியும். உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. ஏரியைக் காக்க அவ்வூரில் ஏரி வாரியம் இருந்தது. உறுப்பினர் குடவோலை முறையால் தெரிந்தெடுக்கப்பட்டனர். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழந்தார். அவருடைய உறவினரும் இழந்தனர். அச்சபையில் எல்லார்க்கும் இடம் இருந்ததில்லை. அக்குறையை விடுத்து, கணக்குக் கேட்கும் ஒழுங்கை நாம் கொள்ளலாம் அன்றோ?

எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார் சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களையும் ஸ்பெயின் நாட்டு வாய்க்கால்களையும் ஆராய்ந்தார். பயன்பெறும் மக்களே விதி வகுத்து, தாமே கண்காணித்து, பொதுவளத்தை நெடுங்காலம் காத்து வந்ததை நிறுவினார். 2009-ஆம் ஆண்டில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அத்துறையில் அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

என் இளமையில், கோடை வந்தால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியுடன் ஏரிக்குச் செல்வர். பின்னர் வயல்தோறும் கிணறும் மின்பொறியும் வந்தன. ஏரியை நம்பாமல் வாழலாம் என எண்ணினோம். வரத்துக்கால்கள் தூர்ந்தன, ஏரி மேடாயிற்று. சில ஆண்டுகளில் கிணறுகளும் வற்றின. கிணறு தனியுடைமைதான்; அதன் ஊற்றோ ஏரியின் கொடை என்பதைக் காலங்கடந்தே உணர்ந்தோம்.

மாணவர்களே! பொது என்றால் உரியவர் இல்லாதது என்று கருதற்க. உங்கள் ஊர் ஏரியின் கரையில் ஒருமுறை நடந்து, மதகும் கலங்கலும் எந்நிலையில் உள்ளன என்று பாருங்கள். கண்டதைப் பெற்றோரிடம் கூறி, கிராம சபையில் கேட்கச் செய்யுங்கள். கேட்பார் உள்ள ஏரியே நிற்கும்.