ஏழிலே மூணு போனா…

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பையன் வந்தான். வழக்கமாக அவன் வந்தால் இட்லிக்குத்தான் வருவான். அன்றைக்குத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். விஷயம் பெரிசு என்று என் மனைவி உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"மாமா, நீங்க அந்தக் காலத்துல யூனியன் எல்லாம் ஆரம்பிச்சீங்களாமே? அம்மா சொன்னாங்க."

அக்கா எப்போதுமே என்னைப் பற்றிப் பாதிதான் சொல்வாள். மீதிப் பாதி அவளுக்குத் தெரியாது.

பையன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். நானூறு பேர் வேலை பார்க்கிற இடம். ஓவர்டைம் காசு ஏன் குறைந்தது என்று கேட்டால், "சிஸ்டம் எடுத்துக்கலை" என்கிறார்களாம். பிடித்தம் செய்யும்போது மட்டும் அதே சிஸ்டம் நன்றாக எடுத்துக்கொள்கிறதாம். அதனால் சங்கம் வைக்கலாம் என்று நாலைந்து பேர் டீக்கடையில் பேசியிருக்கிறார்கள்.

"எத்தனை பேர் வேணும் மாமா?"

"ஏழு" என்றேன், டக்கென்று. பரீட்சைக்குப் படித்தது மறந்து போகும்; பயந்து படித்தது மறக்காது.

பையன் செல்போனைத் தட்டினான். "அது 1926-ஆம் வருஷத்துச் சட்டம். இப்ப புதுசு வந்தாச்சு மாமா."

வாஸ்தவம். பழைய தொழிற்சங்கச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. ஆனால் ஏழு எங்கேயும் போகவில்லை. இன்றைக்கும் விண்ணப்பத்தில் ஏழு பேராவது கையெழுத்துப் போட வேண்டும். அதோடு, அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களில் பத்து சதவிகிதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். இது 2002-லேயே பழைய சட்டத்துக்குள் நுழைந்துவிட்ட நிபந்தனைதான். நானூறு பேர் கம்பெனிக்கு நாற்பது. நாலாயிரம் பேர் என்றாலும் நூறு போதும்.

அப்புறம் சங்கத்துக்கு ஒரு விதிமுறைப் புத்தகம் எழுத வேண்டும். பெயர் என்ன, நோக்கம் என்ன, நிர்வாகிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, பணத்தை எதற்குச் செலவழிப்பது, கணக்கை யார் தணிக்கை செய்வது எல்லாம் அதில் வர வேண்டும். சங்கத்தைக் கலைப்பது எப்படி என்பதும் உண்டு. கல்யாணப் பத்திரிகையிலேயே விவாகரத்துக்கு வழி சொல்கிற மாதிரி!

"ரிஜிஸ்டர் பண்ணாம சங்கம் வெச்சா ஜெயிலா மாமா?"

இல்லை. சங்கம் சேரும் உரிமை அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவே கொடுத்தது. பதிவு செய்தால் சங்கம் சட்டத்தின் கண்ணுக்கு ஓர் ஆள் ஆகிவிடும். தன் பேரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. நியாயமான சங்க வேலைக்காக, 'ஒப்பந்தத்தை மீறத் தூண்டினாய், நஷ்டஈடு கொடு' என்று தலைவர்கள் மேல் சிவில் வழக்குப் போட முடியாது.

இந்தப் பாதுகாப்பு வந்ததற்குக் காரணமே நம்ம பெரம்பூர்தான். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அடையாறு தியாசபிகல் சொசைட்டிக்காரரான பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு எல்லாம் கூட நின்றார்கள். பி அண்டு சி மில் தொழிலாளிகளின் ஆரம்பப் புகார்களில் ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பது. பிறகு கதவடைப்பு வந்தது. கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய் வாடியா மேலேயே தடையுத்தரவு வாங்கியது. சங்கம் வைத்ததற்கு இந்த கதியா என்று நாடே விழித்துக்கொண்டது. 1921-ல் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் சட்டம் வந்தது.

பையன் தலையை ஆட்டினான். "சரி மாமா, உங்க கதையைச் சொல்லுங்க."

சொன்னேன். அக்காவிடம்கூடச் சொல்லாததை.

1986. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. அறுபது பேருக்குக் கொஞ்சம் கம்மி. நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஒருநாள் பவர் பிரஸ்ஸில் ஒருத்தருக்கு இரண்டு விரல் போய்விட்டது. அவர் கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினார்கள். அடிபட்டது வலது கை. இடது கையால் கோணல்மாணலாகப் போட்டார். அந்தக் காகிதத்தை ஃபைலில் கோத்தவன் நான்.

அன்று சாயங்காலம் எங்கள் டர்னர் அண்ணன் டீக்கடையில் சொன்னார்: "ஏழு பேர் போதுமாம்ப்பா." ஆறு பேர் கிடைத்துவிட்டார்கள். ஏழாவது ஆள் நான். போட்டேன். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவன், நானே வாடியா என்கிற நினைப்பில் நின்றேன்.

விண்ணப்பம் போன மறுவாரமே மேனேஜருக்கு ஏழு பேரும் தெரிந்துபோயிற்று. எப்படி என்று கேட்காதீர்கள். டீக்கடைக்கும் காது உண்டு. ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டார். ஒருத்தருக்குத் தங்கை கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, விலகினார். இன்னொருத்தர் இன்னும் நிரந்தரமாகவில்லை, விலகினார்.

மூன்றாவதாகப் போனவனை மேனேஜர் மிரட்டவில்லை. உட்காரச் சொன்னார். காபி வந்தது. அடுத்த மாசத்திலிருந்து எழுபத்தைந்து ரூபாய் இன்கிரிமென்ட் என்றார். மேஜை மேல் பதிவாளருக்கு எழுதின கடிதம் டைப் அடித்து ரெடியாக இருந்தது: 'என் சுயவிருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்.' பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. மொத்தம் ஏழு தாள் அடித்து வைத்திருந்தார்.

அந்த மூன்றாவது ஆள் நான்தான்.

பையன் என்னையே பார்த்தான். உள்ளே மிக்ஸி சத்தம் நின்றுவிட்டது. மனைவிக்கும் இது புதுச்செய்தி.

"அப்புறம்? சங்கம் அவ்வளவுதானா?"

அதுதான் வேடிக்கை. மேனேஜரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பம் கொடுத்த பிறகு, பதிவாவதற்குள், கையெழுத்துப் போட்டவர்களில் சிலர் கழன்றுகொண்டாலும் விண்ணப்பம் செல்லும். கழன்றவர்கள் பாதிக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். ஏழில் பாதி மூன்றரை. மூன்று பேர் போகலாம். நாலாவது ஆள் போயிருந்தால் எல்லாம் முடிந்தது. டர்னர் அண்ணனும் மற்ற மூன்று பேரும் அசையவில்லை. மேனேஜர் அடித்து வைத்ததில் நாலு தாள் வீண்.

அந்த வரி புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஏழு பேர் சேர்ந்தால் அதில் மூன்று பேருக்குக் கை நடுங்கும் என்று எப்போதோ யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்க்காமலே என்னை அளந்தவர்கள்!

இன்னொன்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. சங்கம் முளைக்கிற சமயம் பார்த்து, அதைக் கெடுப்பதற்காகச் சம்பளம் உயர்த்துவதும் முறையற்ற நடவடிக்கை என்று 1984-லிருந்தே சட்டம் சொல்லியிருந்தது. மிரட்டினால் மட்டும்தான் தப்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கம் பதிவாயிற்று. கொஞ்ச மாசத்தில் பவர் பிரஸ்ஸுக்கு இரும்புத் தடுப்பு வந்தது. விரல் போனவரை கேட்டில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நான் ஒருநாள் டர்னர் அண்ணனிடம் போய் ஒரு ரூபாய் சந்தாவை நீட்டினேன். அவர் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. ரசீது கிழித்து, "சில்லறை வேணுமா தம்பி?" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இன்கிரிமென்ட் சேர்த்து ஒரு மேஜை ஃபேன் வாங்கினேன். இன்னும் ஓடுகிறது. சத்தம்தான் தாங்க முடியாது.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பதிவாயிட்டா கம்பெனி பேசித்தானே ஆகணும்?" என்றான்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. ஒரே இடத்தில் பல சங்கம் இருந்தால், 51 சதவிகிதத் தொழிலாளர் ஆதரவு இருக்கிற சங்கம்தான் நிர்வாகத்தோடு பேசும். யாருக்கும் அத்தனை இல்லையென்றால், 20 சதவிகிதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்க வேண்டும்.

"அதெல்லாம் அப்புறம்டா. முதல்ல கையெழுத்து. ஏழு போதும்னு ஏழோட நிறுத்தாதே. பதினஞ்சா வாங்கு."

"அதுல உங்களை மாதிரி எத்தனை பேர் மாமா இருப்பாங்க?"

"ஏழு பேர் வரைக்கும் தாங்கும்."

பையன் முதல் தடவையாகச் சிரித்தான். தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டு, "அத்தை, சட்னி" என்றான்.

சட்னி தீர்ந்துபோயிருந்தது. கதை கேட்டுக்கொண்டே முழுக்கக் காலி செய்தவன் நான். இதற்கு எந்தச் சட்டத்திலும் மன்னிப்பு கிடையாது.