தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்குக் கேமிங் கணினி?

"கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை இரண்டு இலட்சம் ரூபாவுக்குக் கேமிங் கணினி கேட்கிறான். மலையகத்தின் சீரழிவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?" ஹட்டனில் அண்மையில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இவ்வாறு முழங்கினார். மண்டபம் கைதட்டியது. பேசியவர் மீது எனக்கு வருத்தமில்லை; பல நூறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த மனிதர் அவர். ஆனால் இந்தக் கருத்து அவருடையது மட்டுமன்று. நமது படித்த வர்க்கம் முழுவதும் இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆகவே இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் பணக் கணக்கு. பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது 1,550 ரூபாவென்றும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசின் ஊக்கத்தொகை 200 ரூபாவென்றும், ஆக 1,750 ரூபா என்றும் அறிவிக்கப்பட்டது. இந்தக் கூடிய தொகையையே எடுத்துக்கொண்டாலும் இரண்டு இலட்சம் ரூபா என்பது 114 நாள் உழைப்பு. தோட்டத்து மொழியில் சொன்னால் 114 'பேர்'. வெளிநாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: ஒரு நாள் வேலை செக்ரோலில் பதியப்படுவதைத்தான் 'பேர்' என்பார்கள். குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் 'அரைப் பேர்' விழும். சேமலாப நிதி, கடன், பிற கழிவுகள் எல்லாம் போனால் அந்த 114 நாள் இன்னும் நீளும்.

அப்படியானால் அதிபர் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். சரியன்று. 114 நாள் உழைப்பைப் பணயம் வைக்கும் காரியம் என்பதால்தான், அந்தப் பணத்துக்கு எதை வாங்குவது, எதைத் தொடவே கூடாது என்ற அறிவு அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுகிறது. "வாங்காதே" என்று மேடையில் கூறிவிட்டு இறங்கிப் போவதால் அவன் வாங்காமல் இருக்கப் போவதில்லை. கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன் அனுப்பிய பணத்தையும், அம்மாவின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, எவரிடமும் கேளாமல், கைத்தொலைபேசியில் கண்ட விளம்பரத்தை நம்பி வாங்குவான். பெரியவர்கள் வாய்மூடிய இடத்தில்தான் வியாபாரி வாய் திறக்கிறான்.

அந்த விளம்பரங்களை நான் சில மாதங்களாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். "ஐ7 கேமிங் பிசி, 16 ஜீ.பீ. ராம், 4 ஜீ.பீ. கிராஃபிக்ஸ் கார்ட், வண்ண விளக்குகள்." பெட்டியின் பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே திருவிழாவைப் போல விளக்கொளி. ஐ7 என்றவுடன் மகன் மயங்குகிறான். கல்லூரிக்குப் போன மாமாவும் மயங்குகிறார். எந்தத் தலைமுறை ஐ7 என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் 2600 அல்லது 3770 என்ற பதில் வரும். ஐ7-2600 வெளிவந்தது 2011இல். 2022இல் வெளிவந்த ஐ3-12100எஃப் என்ற எளிய புரொசசரிலும் அதே நான்கு கோர்களும் எட்டு த்ரெட்களும் உள்ளன. வேகமோ மிக அதிகம், அந்த வேகத்துக்கு உறிஞ்சும் மின்சாரமும் குறைவு. ஐ7 ஐ3ஐவிடப் பெரியது என்பது ஒரே தலைமுறைக்குள் மட்டும் செல்லும் கணக்கு. வெளிநாட்டு அலுவலகங்களில் உழைத்துக் களைத்து ஒதுக்கப்பட்ட பெட்டிகள் கொள்கலன்களில் இங்கே வந்திறங்கி, புதிய கண்ணாடிக் கேசிங் அணிந்து, கேமிங் கணினியாக மறுபிறவி எடுக்கின்றன.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ இன்டெலில் எட்டாம் தலைமுறையோ, ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையோ, அவற்றுக்குப் பிந்தியதோ வேண்டும். குறுக்கு வழிகளில் நிறுவிக் கொடுக்கிறார்கள். ஆனால் இளைஞர்கள் பெரிதும் விரும்பும் வலோரன்ட் விளையாட்டின் காவல் மென்பொருள், விண்டோஸ் 11இல் டி.பி.எம். 2.0, செக்கியூர் பூட் ஆகிய இரண்டும் இல்லாவிட்டால் உள்ளே விடாது. எந்த விளையாட்டுக்காகக் கணினி வாங்கினானோ அதுவே அந்தக் கணினியில் திறக்காது என்பதைப் பையன் வீட்டுக்கு வந்த பிறகுதான் அறிவான்.

கிராஃபிக்ஸ் கார்ட் விடயத்தில் மோசடி இன்னும் கூர்மையானது. "4 ஜீ.பீ." என்பது கார்டின் நினைவகக் கொள்ளளவு, வேகம் அன்று. 2014இல் வந்த ஜி.டி. 730 என்ற கார்டை இன்றும் கேமிங் கார்ட் என்று விற்கிறார்கள். அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான மென்பொருள் இற்றைப்படுத்தலை என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது. ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரில் இரண்டு வகைக் கார்டுகள் சந்தையில் உண்டு. அசலில் 2,304 கணிப்பு அலகுகள். சீனச் சந்தைக்கென வந்த மெலிந்த வகையில் 2,048. விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். 2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயம் தனது முறையை மாற்றிக்கொண்ட பின், அதுவரை இரவுபகலாக நாணயம் 'தோண்டிய' கார்டுகள் உலகச் சந்தையில் வந்து குவிந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வரலாற்றைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதே நேர்மை. பழைய கார்டின் உள்நிரலை மாற்றி, புதிய கார்டின் பெயரைக் காட்டச் செய்யும் போலிகளும் உண்டு. ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் இவற்றுட் பலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. இதைச் சொல்லிக் கொடுக்க எந்தக் கருத்தரங்கும் நடப்பதாகத் தெரியவில்லை.

இந்தக் கதை நம் சமூகத்துக்குப் புதிதா? கொழுந்து நிறுக்கும் தராசில் கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று வெட்டிய காலத்தை நம் பாட்டிமார் அறிவார்கள். கங்காணியின் துண்டுக் கடனில் எழுதிய எண்ணை வாசிக்கத் தெரியாமல் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நாம். எண்ணை வாசிக்கத் தெரிந்தவன் எழுதினான். தெரியாதவள் கைநாட்டு வைத்தாள். இன்று அந்த எண் 2600 என்றும், 730 என்றும், 2,048 என்றும் வேறு உருவில் வந்திருக்கிறது. கைநாட்டு மட்டும் மாறவில்லை.

ஆகவே அதிபர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். இரண்டு இலட்சமோ அதிலும் குறைவோ கையில் வைத்திருக்கும் இளைஞன் முதலில் தன்னையே கேட்க வேண்டியது: நான் ஆடப் போவது எதை? வலோரன்ட், டோட்டா 2 போன்றவை போதுமென்றால் தனியான கிராஃபிக்ஸ் கார்ட் இன்றே தேவையில்லை. ரைசன் 5 5600ஜி போன்ற, படத்திறன் உள்ளேயே அமைந்த புரொசசரை வாங்கி, படத்தரத்தைச் சற்றுக் குறைத்து நன்றாக ஆடலாம். ஒரு வருடம் கழித்துப் பணம் சேர்ந்தால் அதே மதர்போர்டில் கார்டைச் செருகிக்கொள்ளலாம். இந்த வழியில் போகிறவர் 16 ஜீ.பீ. ராமை ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு துண்டுகள் வாங்க வேண்டும். உள்ளமைந்த படத்திறன் ராமையே நம்பி வாழ்வது. இரண்டு வாய்க்கால்களில் நீர் பாய்ந்தால்தான் வயல் நிறையும்.

பெரிய விளையாட்டுகள் வேண்டுமென்றால், சொன்ன அந்த ஐ3-12100எஃப் அல்லது ரைசன் 5 5600, அதனுடன் ஆர்.எக்ஸ். 6600 தரத்தில் ஒரு கார்ட். இன்டெல் புரொசசரின் பெயரில் 'எஃப்' என்று முடிந்தால் அதில் உள்ளமைந்த படத்திறன் இல்லை. கார்ட் இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ராம் விடயத்தில் காலம் கெட்டுக் கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை விழுங்கத் தொடங்கியதால் 2025இன் பிற்பகுதியில் ராம் விலை பல மடங்கு ஏறியது. மைக்ரோன் நிறுவனம் 2025 டிசெம்பரில் தனது குருசியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. எனவே டி.டி.ஆர்.5 பக்கம் போகாமல் டி.டி.ஆர்.4 ஏற்கும் மதர்போர்டைத் தேர்வதும், ராமை மட்டும் பழையதாகச் சோதித்து வாங்குவதும் புத்திசாலித்தனம். உதிரிகளில் பழையதாக வாங்க மிகக் குறைந்த ஆபத்துள்ளது ராம்தான்.

பழையதாகவும் மலிவாகவும் ஒருபோதும் வாங்கக் கூடாதது பவர் சப்ளை. விளம்பரக் கணினிகளில் முதலில் மிச்சம் பிடிக்கப்படுவதும் அதுதான். விளக்குகளைக் கண்ணாடி வழியே பார்க்கலாம், பவர் சப்ளையின் தரத்தைப் பார்க்க முடியாதல்லவா? '80 பிளஸ்' முத்திரையுடன், அறிந்த நிறுவனத்தின் 450 அல்லது 500 வாட் ஒன்று வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மோதியதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். குரங்கு மோதினாலே நாடு இருளும் இடத்தில், சித்திரை மாத இடிமின்னலும் பழைய வயரிங்கும் உள்ள லயன் காம்பராவின் நிலையைச் சொல்லவா வேண்டும்? நான் பார்த்த லயன்கள் பலவற்றில் எர்த் இணைப்பே ஒழுங்காக இல்லை. கேசிங்கின் விளக்குகளுக்குப் போகும் பணத்தை ஒரு யூ.பி.எஸ்.ஸுக்குக் கொடுங்கள். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள்.

மலை நமக்கு இலவசமாகத் தந்திருப்பது ஒன்று உண்டு: குளிர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,870 மீற்றரிலுள்ள நுவரெலியாவில் கொழும்புக்காரனைப் போல நீர்க்குளிரூட்டி வாங்குவது வீண். புரொசசரின் பெட்டியோடு வரும் சாதாரண விசிறியே போதும். நமது எதிரி ஈரமும் புகையும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், விறகடுப்புக்குப் பக்கத்தில், மூடுபனி நுழையும் யன்னலோரம் வைத்த கணினியின் விசிறியில் கரியும் ஈரமும் சேர்ந்து பசையாகப் படியும். தரையிலிருந்து உயர்த்தி, அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்; இரண்டு மாதத்துக்கொரு முறை திறந்து தூரிகையால் துடையுங்கள். கொழும்பு வல்லுநர்களின் காணொளிகளில் இது வராது.

வாங்கும்போது ஒவ்வொரு உதிரியின் முழு மொடல் எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதிய பற்றுச்சீட்டைக் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அதைக் கொடுக்கத் தயங்கும் கடையிலிருந்து வெளியேறுங்கள். ஹட்டனில் கிடைக்காவிட்டால் கினிகத்தேனை, அவிசாவளை வழியாகப் பம்பலப்பிட்டிக்கு ஒரு நாள் போய்வருவது, ஆறு மாதத்தில் எரிந்துபோகும் பெட்டியைவிட மலிவு.

இனி அந்த மேடைக் கேள்விக்கு வருகிறேன். தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு விளையாட்டு? படிப்புக்குக் கணினி என்றால் பரவாயில்லை என்பார்கள். படிப்புக் கணினிக்கும் கேமிங் கணினிக்கும் உள்ள பெரிய வேறுபாடு அந்தக் கார்ட்தான். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் முப்பரிமாணப் படம் செய்யவும், காணொளி தொகுக்கவும் அதே கார்ட்தான் உதவும். ஹாங்சோவில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே வழங்கினார்கள். ஆனால் இந்தக் காரணங்களை அடுக்கி அனுமதி கேட்க எனக்கு விருப்பமில்லை.

நுவரெலியாவில் ஹில் கிளப் தோன்றியது 1876இல். கோல்ஃப் கழகம் 1889இல். கோப்பிக்கும் தேயிலைக்கும் நம் முன்னோர் காடு வெட்டிய அதே மலையில், துரைமார் பந்தடிக்கப் புல்வெளி வளர்த்தார்கள். உழைப்பவர்களின் வியர்வையில் நடந்த அந்த விளையாட்டுக்கு எதற்கு என்று அன்று எவரும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. கொழும்புப் பிள்ளைக்குத் தந்தை கிரிக்கெட் மட்டை வாங்கினால் அது பாசம். தலவாக்கலைப் பிள்ளை தன் குடும்பத்துக் காசில் விளையாட நினைத்தால் அது சீரழிவு. கொழுந்து பறிக்கப் போகிறவளுக்கு எழுத்து எதற்கு என்று ஒரு காலத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்வியைத் தாண்டிப் படித்து வந்தவர்கள்தான் இன்று மேடையில் அமர்ந்து அதையே வேறு சொற்களில் கேட்கிறார்கள்.

அதிபர்களே, தொழிற்சங்கத் தலைவர்களே, நாடா வெட்டிக் கணினிக்கூடம் திறந்துவிட்டு அதைப் பூட்டி வைத்திருக்கும் பிரமுகர்களே, உங்களிடம் பணம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, ஒரு மேசை, கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு பழைய கணினி, உதிரிகளைத் தமிழில் விளக்கத் தெரிந்த ஓர் இளைஞன், இவ்வளவும் போதும். பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் அப்படிப்பட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள். 114 நாள் உழைப்பை எடுத்துக்கொண்டு கடை வாசலில் நிற்கும் தாய்க்கும் பிள்ளைக்கும் அந்த எண்களை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள்.