ஈப்போவின் உணவுப் பட்டியலில் தோட்டத்து அடுப்பு எங்கே?

பல்கலைக்கழகத்தில் யாரிடமாவது "நான் ஈப்போ" என்று சொன்னால் போதும். அடுத்த கேள்வி என் படிப்பைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ இருக்காது. "அங்கே எந்தக் கடையில் சாப்பிடலாம்?" என்பதாகத்தான் இருக்கும். எனக்கும் அதில் மகிழ்ச்சியே. நல்ல சாப்பாடு என்றால் இரண்டு பேருந்து மாறிப் போகவும் தயங்காத ஆள் நான். உடனே பட்டியலை ஒப்பிக்கத் தொடங்கிவிடுவேன். பழைய நகரில் வெள்ளைக் கோப்பி, தவ்கே கோழி, கைத்தியாவ் சூப், யோங் சுவான் நாசி கண்டார், லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, வீட்டுக்கு வாங்கிச் செல்லப் புந்தோங் முறுக்கும் கச்சாங் பூத்தேயும். 2016ஆம் ஆண்டில் லோன்லி பிளானட் நிறுவனம் ஆசியாவில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் ஈப்போவுக்கு ஆறாவது இடம் கொடுத்தது. அதன் பிறகு விடுமுறை நாள்களில் பழைய நகரில் உட்கார நாற்காலி கிடைப்பதே பெரும்பாடு.

ஆனாலும் இந்தப் பட்டியலைச் சொல்லி முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று உறுத்துகிறது. ஈயச் சுரங்கத் தொழிலாளி குடித்தது இதில் இருக்கிறது. நகரத்து வணிகர் சாப்பிட்டது இருக்கிறது. பினாங்கிலிருந்து வந்தது இருக்கிறது. ஈப்போவைச் சுற்றிச் சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா என்று பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் சாப்பிட்டது மட்டும் இல்லை. தோட்டச் சமையல் என்பது ஒரு தனிச் சமையல். அதை இப்போதே எழுதி வைக்காவிட்டால் நம் பாட்டிமாரோடு அது முடிந்துவிடும். இதுவே என் கருத்து.

முதலில், ஏன் இல்லை என்று பார்ப்போம். ஈயமும் ரப்பரும் ஒரே காலனித்துவப் பொருளாதாரத்தின் இரண்டு கைகள். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயத்தைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். ரப்பர்ப் பாலைச் சீவியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். சுரங்கத் தொழிலாளிக்கு நகரத்தில் கடை இருந்தது. காசு கொடுத்துக் கோப்பி குடித்தான். கொட்டையை மார்ஜரின் சேர்த்து வறுக்கும் அந்த முறைக்கு ஒரு பெயர் கிடைத்தது, கடைக்குப் பலகை கிடைத்தது. 1985இல் ஈயச் சந்தை சரிந்த பிறகும் கோப்பி நிலைத்தது. 1999இல் தொடங்கிய ஓர் ஈப்போ நிறுவனம் அதைப் பொட்டலத்தில் அடைத்தது. 2018இல் அந்த நிறுவனத்தையே நெதர்லாந்தின் ஜேக்கப்ஸ் டாவ் எக்பர்ட்ஸ் வாங்கியது. உழைப்பாளியின் பானம் ஊரின் அடையாளமாகி, உலகச் சந்தைக்கும் போய்ச் சேர்ந்தது.

தோட்டத்து அடுப்புக்கோ பலகை கிடையாது. அது லயத்து வீட்டின் பின்கட்டில் எரிந்தது. அதில் சமைத்த பெண் அதே நாளில் பால்மரமும் வெட்டினாள். அவள் சமையலுக்கு விலையில்லை, அதனால் விளம்பரமும் இல்லை. விலை இல்லாத ஒன்றை ஊர் எப்படிப் பட்டியலில் சேர்க்கும்?

"அது என்ன தனிச் சமையல்? தமிழ்நாட்டுச் சமையல்தானே?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை என்பேன். தோட்டத்து நேரத்தை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் அடுப்பைப் பற்ற வைத்துப் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக வடியும் என்பதால் வெயில் ஏறுமுன் வெட்டி முடிக்க வேண்டும். பிறகு மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருக்கும் அந்த இடைவேளைதான் பசியாறும் நேரம். அதிகாலையில் ஆக்கியது நடுக்காலை வரை தூக்குச்சட்டியில் கெடாமல் இருக்க வேண்டும். ஆகவே புளியும் மிளகாயும் தூக்கலான சம்பல், மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்திலி, தண்ணீர் வற்றிய பிரட்டல் ஆகியவை வந்தன. வேலையின் நேரமே சமையலின் முறையைத் தீர்மானித்தது.

அடுத்து, மண். தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த கடுகும் கறிவேப்பிலையும் இங்கே செரையோடும் பண்டான் இலையோடும் பெலாச்சானோடும் சேர்ந்தன. லயத்தின் பின்னால் முருங்கையும் மரவள்ளியும் சேம்பும் வளர்ந்தன. ஆற்றோரத்தில் பாக்குக் கீரையும் காட்டோரத்தில் பெத்தாயும் கிடைத்தன. எவனாவது காட்டுப்பன்றி அடித்தால் அன்றைக்கு லயமே மணக்கும். மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது ஒரு டின் சாடினை இரண்டு கைப்பிடி வெங்காயத்தோடு வதக்கி எட்டுப் பேருக்குப் பரிமாறும் வித்தையை எந்த சமையல் கல்லூரி கற்றுத் தரும்?

இந்தச் சமையலில் நம் வரலாறும் இருக்கிறது. 1941 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கே சோறானது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசர காலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க அரிசியை அளந்து கொடுத்தார்கள். கடையில் விற்கும் டின்களைத் துளையிட்டுக் கொடுத்தார்கள். கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு போகவும் தடை. வெளிவாயிலில் சோதனை போடுவார்களாம். அப்போது சிறுமியாக இருந்த என் பாட்டி, தன் தாயார் வெறும் வயிற்றோடு மரம் வெட்டப் போனதை இன்றும் சொல்வார். நம் பாடநூலில் அவசர காலம் உண்டு. அந்த வெறும் வயிறு இல்லை.

மலேசியத் தமிழில் காலை உணவுக்குப் 'பசியாறுதல்' என்கிறோம். தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்கு இச்சொல்லை விளக்கியபோது அவர் வியந்து போனார். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் மூன்றும் அதில் முன்னிற்கின்றன. பெருமைதான். ஆனால் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறியதும் மலேசியக் காலை உணவு அல்லவா? அதை நாமே எழுதாதபோது பிறர் எழுதுவார்கள் என்று எதிர்பார்ப்பது எப்படி?

ஒரு சொல்லைக் கவனியுங்கள். நாசி கண்டாரில் வரும் 'கண்டார்' என்ற மலாய்ச் சொல், தோளில் கம்பு வைத்து இருபுறமும் சுமப்பதைக் குறிக்கும். தோட்டத்தில் பால்வாளி தூக்கிய காண்டாக் கம்பும் அதே சொல்லின் உறவு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு கம்பு சோறு சுமந்தது, அது புகழ் பெற்றது. மற்றொன்று பால் சுமந்தது, அதன் பெயரே இன்று பலருக்குத் தெரியவில்லை. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவன் நான். இரண்டு இடத்திலும் இச்சொல் எனக்குக் கற்பிக்கப்படவில்லை. பாட்டியின் அடுப்படியில்தான் கிடைத்தது.

அந்த அடுப்படியும் இடம் மாறிவிட்டது. சுதந்திரத்திற்குப் பின் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களையே தோட்டங்களை வாங்க வைத்தார். எனினும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு இத்தனை கைகள் தேவையில்லை. சில தோட்டங்கள் தாமான்கள் ஆயின. வேலை போனபோது வீடும் போனது. வீட்டோடு முருங்கையும் கோழிக்கூண்டும் ஆற்றங்கரையும் போயின. சென்ற ஆண்டு நண்பர்களோடு மோட்டாரில் சுற்றியபோது எங்கள் குடும்பம் இருந்த தோட்டத்துக்குப் போனேன். லயத்தின் சுவடே இல்லை. ஆனால் செம்பனைக்கு நடுவே வரிசையாகச் சில மாமரங்களும் ஒரு முருங்கையும் நின்றன. வீடுகள் எங்கே இருந்தன என்று அவைதாம் காட்டின.

பாட்டி இப்போது மலிவு விலை அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடியில் இருக்கிறார். விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அவரோடு சமைக்கிறேன். சென்ற மாதம் மரவள்ளிக் கொழுந்துக் கறி. இலையை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். "அதுல விஷம்யா" என்றார். மரவள்ளியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதை அறிவியல் நூல்கள் சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத அவருக்குக் கை சொல்கிறது. பிறகு இலையை இடித்து, நெத்திலியும் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பாலும் சேர்த்தார். உப்பை எடுத்தவர், போட்டாரா இல்லையா என்று என்னிடமே கேட்டார். சற்று நேரத்தில் மீண்டும் கேட்டார். அவருக்கு மறதி தொடங்கிவிட்டது. நாம் காலம் தாழ்த்தக் கூடாது என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைப் பாட்டியே சொன்னார். "இதெல்லாம் எதுக்குய்யா எழுதுற? வேற வழியில்லாம தின்னது." அவர் சொல்வது நியாயம். பற்றாக்குறைக் கூலியில் பிறந்த சமையலை 'அந்தக் காலத்து ஆரோக்கிய உணவு' என்று மெழுகிப் பூசுவது அவர்கள் பட்ட பாட்டுக்குச் செய்யும் அவமரியாதை. சாடின் டின்னை எட்டாகப் பிரித்தது கலை என்று மட்டும் எழுதினால், கூலி ஏன் எட்டுப் பேருக்குப் போதவில்லை என்ற கேள்வி மறைந்துபோகும். ஆகவே நான் கேட்பது புகழ்ச்சியை அன்று, பதிவை. ருசியும் எழுதப்பட வேண்டும், அதன் பின்னாலிருந்த பசியும் எழுதப்பட வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள், பாட்டியின் பேச்சும் புரிந்து பல்கலைக்கழகத்திலும் படிக்கும் நாம்தாம்.

வீட்டுச் சமையலால் ஊருக்கு அடையாளம் தர முடியுமா என்று ஐயப்படுவோர் புந்தோங்குக்குப் போய்ப் பார்க்கலாம். நம்மவர் வீட்டு முறுக்கும் ஓமப்பொடியும் பருப்பும்தாம் அங்கே ஒரு கம்பத்துக்கே கச்சாங் பூத்தே என்று பெயர் வாங்கித் தந்தன.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் வேண்டாம். இந்த விடுமுறையில் ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு நின்று ஒரே ஒரு பதார்த்தம் சமையுங்கள். 'கண்ணளவு' என்பார்கள். அவர் கை போடுமுன் தராசில் வைத்து எடை குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் சொற்களைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யாரிடம் கற்றார் என்பதையும் கேளுங்கள். முன்னாள் மாணவர்களே, உங்கள் பெற்றோரிடம் கேட்க எங்களைவிட உங்களுக்கே வாய்ப்பு அதிகம். நம் மொழிக் கழகம் அவற்றைத் தொகுத்து ஆண்டிதழில் சில பக்கங்களை ஒதுக்கட்டும். இன்னொன்று, ஒட்டுக்கடையில் அதிகாலை தோசை சுடும் அக்காவிடம் ஐம்பது காசுக்குப் பேரம் பேசாதீர்கள். குளிர்சாதனக் கடையில் ஒரு கோப்பைக் கோப்பிக்குப் பன்னிரண்டு வெள்ளியை வாய் திறக்காமல் கொடுப்பவர்கள் நாம்.

ஈப்போவில் எங்கே சாப்பிடலாம் என்று இனி யாரேனும் கேட்டால், வெள்ளைக் கோப்பிக் கடைக்கு வழி சொல்வேன். அதோடு, அன்று பாட்டிக்கு உடம்பு நன்றாக இருந்தால், நான்காம் மாடிக்கும் வழி சொல்வேன். மின்தூக்கி வேலை செய்யாது, பசியோடு ஏறி வாருங்கள்.