கதிர்க்கட்டும் தகர டப்பாவும்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியின் வடகோடியில், அட்லாண்டிக் கடலை நோக்கிய செங்குத்துப் பாறைகளுக்கு அருகே மார்வென்ஸ்டோ என்றொரு சிற்றூர் உண்டு. இலக்கிய அன்பர்கள் அங்கே செல்வது பெரும்பாலும் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற கவிஞரை முன்னிட்டே. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவ்வூர் ஆலயத்தின் குருவானவராக இருந்து 1875இல் மறைந்தவர். கடற்கன்னி வேடமிட்டுப் பாறைமேல் அமர்ந்து ஊராரை ஏய்த்தார், ஞாயிற்றுக்கிழமையில் எலி பிடித்த பூனையைத் திருச்சபையிலிருந்து விலக்கினார் என்றெல்லாம் அவரைப் பற்றிக் கதைகள் உலவுகின்றன. இவை பரவியதில் பேரிங்-கூல்ட் 1876இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றுக்குப் பெரும் பங்குண்டு. சுவையான நூல்தான், ஆயினும் ஹாக்கரை வேடிக்கை மனிதராக்கி நிறுத்திவிட்டது என்பது எங்கள் எண்ணம்.

அவர் செய்த காரியங்கள் வேடிக்கையானவை அல்ல. உடைந்த கப்பல்களிலிருந்து கரையொதுங்கிய மாலுமிகளின் உடல்களைத் தேடியெடுத்து, ஆலயத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்தார். 1842இல் அப்பாறைகளில் மோதிச் சிதைந்த காலிடோனியா என்ற கப்பலின் முகப்புச் சிற்பம், வாளும் கேடயமும் ஏந்திய பெண்ணுரு, அம்மாலுமிகளின் கல்லறை மீது நிறுத்தப்பட்டது. மூலச் சிற்பம் இன்று ஆலயத்தினுள் பாதுகாக்கப்படுகிறது. வெளியே நிற்பது அதன் பிரதி.

இதற்கு அடுத்த ஆண்டு, 1843 அக்டோபர் முதல் ஞாயிறன்று, விளைச்சலுக்கு நன்றி கூற ஊராரை அவர் ஆலயத்திற்கு அழைத்தார். புதுக் கோதுமையில் சுட்ட அப்பத்தை நற்கருணையில் பகிரும் பழைய வழக்கம் இங்கிலாந்தில் மங்கிக் கிடந்தது. அதற்கு அவர் மறுபடி உயிர் கொடுத்தார். இன்று ஆங்கிலேயர் கொண்டாடும் அறுவடைத் திருநாளின் தொடக்கமாக அந்த ஞாயிறே சுட்டப்படுகிறது. தானியச் சட்டங்கள் 1846 வரை நீக்கப்படாத காலம் அது. கோதுமை அறுத்தவன் வீட்டிலேயே ரொட்டி அரிதாயிருந்தது என்பதை நினைவில் வைத்தே அந்த அழைப்பை வாசிக்க வேண்டும்.

திருநாளுக்காக அணி செய்யப்பட்டிருந்த வேளையில் அவ்வாலயத்திற்குச் செல்லும் வாய்ப்பு எங்களுக்கு அமைந்தது. நார்மன் காலத்து வளைவுகளின் கீழே, சன்னல் மாடங்களில் ஆப்பிள்களும் பூசணிகளும். திருமேசை அருகே கதிர்க்கட்டின் வடிவில் சுட்ட பெரிய ரொட்டி. அதன் பக்கத்திலேயே பட்டாணியும் சூப்பும் அடைத்த தகர டப்பாக்கள் அடுக்கடுக்காய். எங்களோடு வந்த நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். எண்ணூறு ஆண்டுத் தூணுக்கடியில் கடைச்சரக்கா என்பது அவர் மனக்குறை. இவ்வாறு வருந்துவோர் இங்கிலாந்திலும் பலர் உள்ளனர்.

எங்களுக்கு அந்த வருத்தம் இல்லை. அந்த டப்பாக்கள் உணவு வங்கிகளுக்குப் போகின்றன. சால்ஸ்பரியில் டிரஸ்ஸல் அறக்கட்டளை முதல் உணவு வங்கியைத் திறந்தது 2000இல். இன்று அந்நாடெங்கும் அவை உண்டு. செல்வ நாட்டில் உணவு வங்கி தேவைப்படுவது வெட்கக்கேடு, மறுக்கவில்லை. ஆனால் பசித்தவனை மறந்து கதிரை மட்டும் அழகு பார்க்கும் திருநாள் அதைவிடப் பெரிய வெட்கக்கேடு அல்லவா? மேலும், நண்பர் விரும்பும் அந்தக் கதிர்க்கட்டு இன்று வயலிலேயே கிடையாது. அறுப்பும் அடிப்பும் ஒரே எந்திரத்தில் முடிந்து, வைக்கோல் உருளைகளாய் விழுகிறது. கோதுமையும் குட்டையாகிவிட்டது. டெவன் பக்கம் கூரை வேய்வதற்கென்று நெட்டைக் கோதுமை பயிரிட்டு, பழைய அறுப்பு எந்திரத்தால் கட்டுக்கட்டாய் அறுக்கும் சிலரிடமிருந்தே அது கிடைக்கும். ஆக, பழமையின் வடிவாக நாம் கருதும் கதிர்க்கட்டுதான் அரிய அலங்காரப் பொருள், டப்பாவே அன்றாடம்.

நெல்லைச் சீமையிலும் ஆங்கிலத் திருச்சபை வழிவந்த கோயில்களில் அறுப்பின் பண்டிகை உண்டு. வாழைத்தாரும் கருப்பட்டியும் கோழியும் ஆராதனைக்குப் பின் ஏலம் போகும். சந்தை விலைக்குப் பன்மடங்கு கொடுத்து எடுத்ததை அப்படியே மறுபடி ஏலத்துக்குக் கொடுத்துவிடுவோரும் உண்டு. அங்கே கோழி கூவுவதால் கோயிலின் அழகு கெட்டதென்று எவரும் முறையிட்டதாக நாங்கள் கேட்டதில்லை.

மார்வென்ஸ்டோவில் ஹாக்கர் கப்பல் மரங்களால் கட்டிய குடிலைக் காணச் செல்லும் அன்பர்கள், கூடுமானால் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ செல்லுங்கள். போகும் வழியில் ஏதேனும் கடையில் இரண்டு டப்பா பட்டாணி வாங்கிக்கொள்ளுங்கள்.