கிணறு வியர்க்குமா?

கனடாவிலிருக்கும் என் சித்தி மகள் உள்ளரங்க நீச்சல் தடாகமொன்றில் துப்புரவு வேலை செய்கிறாள். கிணற்றுத் தண்ணீராலேயே காற்றின் ஈரத்தை எடுக்கலாமாம் என்றாள். நம்பச் சிரமமாக இருந்தது.

தடாகத்து நீர் ஓயாமல் ஆவியாகும். சுவரில் படிந்தால் பூஞ்சணம், இரும்பில் துரு. ஐஸ் தண்ணீர்க் கிளாசின் வெளிப்புறம் வியர்க்கிறதல்லவா? அதே வேலைதான். நிலத்தடி நீர் அந்த ஊர் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டியிருக்கும். ஒன்ராறியோவில் ஏறக்குறைய 10 பாகை. அதைக் குழாயில் ஓடவிட்டு, மேலால் ஈரக்காற்றை ஊதினால் நீர் சொட்டும்.

நம் வினாயகபுரத்தில் அது சரிவராது. இங்கே கிணற்று நீரே 27, 28 பாகை. விடியலில் இளஞ்சூடாகவும் மத்தியானம் குளிர்ச்சியாகவும் படுவது காற்று மாறுவதால்தான், தண்ணீர் மாறுவதில்லை. மாரியில் நெல்லும் மிளகாயும் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க வெயிலை விட்டால் வழியில்லை.

சகோதரிகளே, வீட்டுத்தோட்டத்துக்கு மோட்டர் வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி இருக்கும். மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு அத்தனைக்கு ஏறப் பார்க்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உவர்ப்பான கிணறுகளை அளவுக்குமீறி இறைக்க வேண்டாமென்று சொன்னதும் இதனால்தான். மாரிமழைதான் அவற்றைக் கழுவியது. மோட்டரைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துங்கள், நீர் ஊறியபின் மறுபடி போடுங்கள். வாயில் உப்புக் கரித்தால் அன்றைக்கு வாளிதான்.