ஒரு நாற்காலி



இம்முறை என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஊருக்குப் புத்தி சொல்கிற ஆசிரியை தன் குறையையும் சொல்லத்தானே வேண்டும்?

பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளிக்கு நான் வந்த புதிது. தேர்ச்சி அட்டையில் கையெழுத்துப் போடப் பெற்றோரை வரச் சொல்லியிருந்தோம். கிராணியார் மனைவி வந்தார். "வாங்கம்மா, உட்காருங்க" என்று எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அடுத்து வந்தவர் பால்மரம் வெட்டும் ஒரு தாய். காட்டிலிருந்து நேரே வந்திருந்தார். சட்டையெல்லாம் பால் கறை. வாசலிலேயே தயங்கி நின்றார். நானும் நிற்க வைத்தே பேசி அனுப்பிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. எனக்குத் தோன்றவேயில்லை. குற்றமே அதுதான்.

மறுநாள் அவர் மகன் கேட்டான்: "டீச்சர், எங்கம்மாவுக்கு ஏன் நாற்காலி போடலை?"

பதில் சொல்ல நா எழவில்லை. அன்று மாலை அவர்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மா, வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்து, "உட்காருங்க டீச்சர்" என்றார். தாம் வாசற்படியில் அமர்ந்துகொண்டார். படித்த நான் செய்யத் தவறியதை, படிக்காத அந்தத் தாய் செய்து காட்டிவிட்டார்.

மரியாதைக்காக நம் முன்னோர் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது. இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. அரை வயிற்றுக் கஞ்சி குடித்தவர்கள், வயிற்றுக்கு மட்டுமா கேட்டார்கள்? மானத்துக்கும் சேர்த்துக் கேட்டார்கள். அப்போராட்டத்தில் முன்நின்ற ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்.

துரைமார் காலம் போய்விட்டது. ஆனால், அந்தத் துரைத்தனம் நம்மை விட்டுப் போயிற்றா? கால்வாய் சுத்தம் செய்ய வருபவரை "ஏய்" என்கிறோம். செம்பனைக் காட்டில் குலை அறுக்கும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நம் தாத்தாக்களைப் போலவே கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள்தாம். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? வெளியே ஏன் போக வேண்டும்? விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, அடுப்பை மூட்டி, சோறு கட்டிக் கொடுத்துவிட்டுத் தானும் வேலைக்கு ஓடுகிறாளே, அந்த மனைவியிடம் "குழம்பு நன்றாக இருந்தது" என்று கடைசியாக எப்போது சொன்னோம்?

மரியாதை தருவதற்குக் காசு வேண்டாம். வாசலுக்கு வந்தவர் யாராயினும் "வாங்க" என்று சொல்லுங்கள். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அண்ணே, அக்கா என்று முறை வைத்து அழையுங்கள். ஒருவர் பேசும்போது கைப்பேசியைக் கீழே வையுங்கள். பிள்ளையின் தவறைப் பக்கத்து வீட்டார் முன்னே சொல்லாமல், தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். நம் நடத்தையைத்தான் பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள்.

அன்றிலிருந்து என் மேசைக்கு எதிரே எப்போதும் ஒரு நாற்காலி கிடக்கிறது. யார் வந்தாலும் அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் பேச்சைத் தொடங்குகிறேன். அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு நாற்காலி யாருக்காகக் காத்திருக்கிறது? யோசித்து வையுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.