தீர்ப்புக்கு எட்டு வயது



முப்பது வருடத்துக்கு மேல் இடைநிலை ஆசிரியராக இருந்தவன் நான். ஒரு குழந்தையின் வயதைச் சொன்னால் போதும், எந்த வகுப்பு என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு பழைய அமெரிக்கக் கார்ட்டூன் என்னை விடமாட்டேன் என்கிறது.

வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் 1962இல் ஹெர்பிளாக் வரைந்தது. அதில் ஒரு குழந்தை தன் வயதைச் சொல்கிறது: எட்டு. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்றைக்குத்தான் பிறந்ததாம். அவ்வளவுதான் வசனம்.

எந்தத் தீர்ப்பு? 1954 மே 17. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி, வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்று பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் எப்போதைக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைக்கவில்லை. மறு வருடம், நிதானமும் வேகமும் கலந்து செய்யுங்கள் என்றார்கள். தென் மாநிலங்கள் வேகத்தை விட்டுவிட்டு நிதானத்தை மட்டும் பிடித்துக்கொண்டன.

எட்டு வயது என்றால் எனக்கு மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிப்பதை முடித்து, பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும் வயது. அதுவரை காத்திருப்பு!

ஆலிவர் ஹாரிங்டன் என்ற கறுப்பின ஓவியர் வரைந்த இன்னொன்று. படைத்தளபதிகள் போர்த் திட்டம் போடுகிறார்கள். டாங்கிகள் ஒரு பக்கம், காலாட்படை மறுபக்கம். எதற்கு? லூத்தர் என்ற பொடியனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதற்கு! சிரிப்பு வரும். ஆனால் 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது மாணவர்களைப் பள்ளிக்குள் அனுப்ப, குடியரசுத் தலைவர் ஐசனோவர் நிஜமாகவே ராணுவத்தை அனுப்பினார். அதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

இதையும் மிஞ்சியது வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி. 1951இல் கறுப்பின மாணவர்கள் நல்ல பள்ளிக்கூடம் கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஊர் அங்கேதான் இருக்கிறது. அவர்கள் தொடுத்த வழக்கும் 1954 தீர்ப்பில் சேர்ந்ததுதான். அந்தக் கவுன்டி, குழந்தைகளைச் சேர்த்து உட்காரவைக்க மனமில்லாமல் 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடியது. வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கறுப்பினக் குழந்தைகள் பலர் வருடக்கணக்கில் பள்ளி இல்லாமல் இருந்தார்கள். 1964இல்தான் உச்ச நீதிமன்றம் தலையிட்டு முடிவு கட்டியது.

"சமூக மாற்றம் மெதுவாகத்தான் வரும் சார், அவசரப்படக் கூடாது" என்று ஆசிரியர் ஓய்வறையிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பொறுமை பேசுவது பெரியவர்கள். அதற்கு வருடங்களைக் கொடுப்பது குழந்தைகள். ஐந்து வருடம் தாமதமாகப் பாலம் கட்டினாலும் பாலம் பாலம்தான். ஐந்து வருடம் தாமதமாகக் கிடைக்கும் ஒன்றாம் வகுப்பு, ஒன்றாம் வகுப்பு அல்ல.

ஹெர்பிளாக் அந்தக் கார்ட்டூனில் யாரையும் திட்டவில்லை. வயதை மட்டும் சொல்லவைத்தார். இப்போது பணியில் இருக்கும் சமூக அறிவியல் ஆசிரியர்களே, தீர்ப்பு வந்த தேதியை மனப்பாடம் செய்யவைப்பதற்கு முன்னால் இந்தக் கார்ட்டூனைக் காட்டுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் குழந்தை இன்னும் எத்தனை வருடம் காத்திருக்கலாம்?"

பிள்ளைகள் சரியான பதில் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.